மாமா வீட்டுச் சங்கிலி

ராயபுரத்தில் அந்தத் தெருவிலேயே முதன்முதலில் சங்கிலி இழுக்கும் கக்கூஸ் வந்தது என் தாய்மாமன் வீட்டில்தான். பிற்பாடு அந்த வீட்டுக்கே நான் மருமகளாகப் போய், அந்தச் சங்கிலியை ஆயுள் முழுக்க இழுத்துவிட்டேன். ஆனாலும் அதைத் தொடும்போதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும். உடனே முகம் சுடும். வயதாகிவிட்டால் வெட்கம் போய்விடும் என்கிறார்கள். யார் சொன்னது?

மாமா சாக்கடைக் குழாய் பதிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. பட்டணம் வடக்கே வீங்கிக்கொண்டிருந்த காலம். துறைமுகத்தையும் ரயிலையும் நம்பி வந்த ஜனம் குடியேறக் குடியேற, தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிக் குழாய் போட்டார்கள். ஏதோ ஒரு துரை பங்களாவில் விரிசல் விட்டதென்று கழற்றிப் போட்ட பீங்கானை மாமா மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, தன் கையாலேயே கொல்லையில் பதித்தார். மேலே தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து தொங்கும் சங்கிலி. சொந்தக்காரர்களெல்லாம் தேர் பார்க்க வருவதுபோல வந்து பார்த்தார்கள். மாமா ஒவ்வொருவரையும் ஒரு தடவை இழுக்கச் சொல்வார்.

"இங்க இஸ்த்தா, அங்க திருவொத்தியூர் ஓடையில போய் வுழும். நம்ம வூட்ல ஒரு நாத்தம் கெடையாது!"

அந்த ஓடைக்கரையில்தான் நானும் அம்மாவும் இருந்தோம்.

கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. ஓடை கால்வாயில் சேருகிற இடத்தில் அம்மா கையால் துழாவி எறா, அதாவது இறால், பிடித்து விற்பாள். இடுப்பளவு தண்ணீரில் குந்தினபடியே நகர்ந்து, அடியில் இருக்கிற சேற்றைத் தடவி, அகப்பட்டதை ஓலைப் பறியில் போட வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வாள். தண்ணீர் உதட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நானும் அப்படித்தான் பழகினேன். வெயில் காலத்தில் உப்பு ஏறும், மழைக்காலத்தில் குறையும். மற்றபடி அதில் ஒரு குறையும் கிடையாது. எழுந்து நின்று குனிந்தால் கால் விரல் தெரியும்.

குழாய் வந்த முதல் கோடையில் ஒரு வேடிக்கை நடந்தது. விடியற்காலையில் எறாவெல்லாம் தானாகவே மேலே வந்து கரையோரம் மொய்த்தன. துழாவவே வேண்டியதில்லை, முறத்தால் அள்ளினோம். தண்ணீருக்குள் மூச்சுமுட்டித்தான் அவை மேலே வருகின்றன என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அண்ணன் போட்ட குழாய் கொண்டுவந்த அதிர்ஷ்டம் என்றே அம்மா நம்பினாள். அண்ணனுக்கு நன்றி சொல்ல ஒரு கூடை எறாவைத் தலையில் வைத்துக்கொண்டு ராயபுரத்துக்கு நடந்தாள். ஞாயிறுதோறும் மாமா வீட்டுக்கு எறா கொண்டுபோகிற வழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. நன்றியாம் நன்றி! இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த கோடைக்குள் ஓடை கறுத்துப்போனது. முதலில் மடவை மீன் காணாமல் போயிற்று, பிறகு நண்டு. காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பி, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். பல்லில் கடித்துக்கொண்டிருந்த பறியை அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டாள். எங்கள் விரல் இடுக்குகளில் புண் வந்தது. சந்தையில் "சாக்கடை எறா" என்று முகத்தைத் திருப்பினார்கள். காத்திவாக்கத்து எறா என்று வாய் கூசாமல் பொய் சொல்லி விற்றோம். வேறு பிழைப்பு எங்களுக்குத் தெரியாது.

அப்போதும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் நிற்கவில்லை. காரணம் நான்தான். நான் தொட்டிலில் கிடந்தபோதே மாமா தன் மகனுக்கு என்னைக் கட்டுவதாகச் சொல்லியிருந்தார். மேஸ்திரி வீடான பிறகு அத்தைக்கு அதில் மனசில்லை. ஓடைக்கரைப் பெண் என்று யாரிடமோ சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. அதனால் அம்மா இருக்கிறதில் பெரியதாகப் பொறுக்கி, கிணற்றுத் தண்ணீரில் அலசி, நாற்றம் தெரியாமல் இருக்க என்னை மஞ்சள் தடவச் சொல்லி எடுத்துக்கொண்டு போவாள்.

நான் சொல்ல வந்த ஞாயிறன்றும் அத்தை சிரித்த முகத்தோடுதான் கூடையை வாங்கினாள்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ கஷ்டப்பட்டுத் தூக்கினு வர்ற?" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டுக்கு வஞ்சிரம் மீன் குழம்பு. எறாவைக் காணோம்.

"ராத்திரிக்கு வறுத்துக்கோ அண்ணி," என்றாள் அம்மா.

சாப்பிட்டதும் நான் கொல்லைக்குப் போனேன். பீங்கானில் எறா கிடந்தது. மஞ்சள் பூசின எறா. தலைகள் ஒன்றோடொன்று அடைத்துக்கொண்டு, மீசைகள் விரிசலில் மாட்டிக்கொண்டு கிடந்தன. காலையில் என் கையால் ஒவ்வொன்றாகத் தடவினது எனக்குத் தெரியாதா? சங்கிலியை இழுத்தேன். தண்ணீர் சுழன்றது, அவையும் சுழன்றன, சத்தம் அடங்கினதும் மேலே வந்து மிதந்தன. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட என்பார்களே, அந்தக் கதைதான். தொட்டி மெதுவாகத்தான் நிரம்பும். காத்திருந்து மறுபடியும் இழுத்தேன். திரும்பவும் வந்தன.

உள்ளே அம்மா அத்தையின் குழம்பைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்து கொல்லைக்கு வந்துவிட்டால்? எனக்கு அத்தைமேல் கோபம்கூட வரவில்லை. திருடி அகப்பட்டவள்போல உடம்பெல்லாம் கூசியது. எறிந்தவள் வேறொருத்தி, கூனிக்குறுகி நின்றவள் நான். கடைசியில் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். கையால் துழாவி எறா பிடிக்கக் கற்றவள், கையால் துழாவியே அவற்றை உள்ளே தள்ளினேன். அவை எங்கே போய்ச் சேரும் என்பதும் எனக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது கிணற்றடியில் அத்தை நின்றிருந்தாள். முழங்கைவரை நனைந்திருந்த என் கையைப் பார்த்தாள். சோப்புக்கட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

வெறுங்கூடையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். தண்டையார்பேட்டை தாண்டினோம். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"இனிமே அவுங்க வூட்டுக்கு எறா வாணாம்மா."

"வேற இன்னாடி கீது நம்ம கையில?"

"அவுங்க அவ்ளோவா சாப்புட மாட்டாங்க போல கீது."

அம்மா நடையை நிறுத்தவில்லை. "வெறுங்கை மொழம் போடுமா? உன்னை அந்த வூட்ல சேக்கணும். எதையாச்சும் எடுத்துனு போனாத்தான் நானும் படி ஏற முடியும்."

கொஞ்ச தூரம் போனதும், என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"எத்தினி தபாடி இஸ்த்த?"

நான் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். அம்மாவே தொடர்ந்தாள்.

"அடுத்த வாரம் தலை, மீசையெல்லாம் ஆஞ்சிட்டு எடுத்துனு போலாம். அடைக்காம போவும்."