ஒன்பது நாள் விழுங்கிய ஏச்சு

யோகராசாவுக்குக் கோபம் வந்தால் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் எட்டாம் மாடிக்கும் கேட்கும் என்பார்கள். இது வீண் பேச்சல்ல, எட்டாம் மாடியில் இருந்தவர்களே சொன்னது. இருபத்துநான்கு வருடமாக அந்தக் குடியிருப்புத் தொகுதிக்கு அவர்தான் 'வக்ட்மெஸ்தர்'. பனி தள்ளுவது, குழாய் பார்ப்பது, மின்தூக்கிக்கு வைத்தியம் செய்வது எல்லாம் அவர் தலையில். ஒரு கதவு சரியாகப் பொருந்தாமல் மூடினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் 'பரவாயில்லை' என்று விட்டுப்போகிற இடத்தில்தான் அவருடைய வேலை ஆரம்பமாகும்.

இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வேயின் வடக்கே நான்கு குளிர்காலம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கிய மனிதர். குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். ஆனால் ஆசை இல்லாத மனிதர் உண்டா? கட்டடத்தின் அடியில், அவருக்கென்று ஒதுக்கிய கராஜில், அவர் பிறந்த வருடத்திலேயே பிறந்த நீலநிற வொல்வோ அமசோன் கார் ஒன்று நின்றது. பதினைந்து வருடமாக அதைத் திருத்துகிறார். "ரெண்டு பேருக்கும் வயசு ஒண்டு. ஆனால் அதுக்குத்தான் எல்லாம் புதுசு போடுறார்" என்பாள் மனைவி விமலாதேவி.

அந்தக் கராஜில் ஒரு காயம் இருந்தது. மகன் கீர்த்திகனுக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, கார்க் கதவில் துளை போடச் சொல்லிக் கொடுத்தார். பையன் ஒரு விரல் தள்ளிப் போட்டுவிட்டான். பக்கத்தில் அவனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வைத்தே, "உன்னை நம்பி ஒரு ஆணி தரேலாது, நீ ஒண்டுக்கும் உதவமாட்டாய்" என்று கத்திவிட்டார் யோகராசா. துளையை அடுத்த நாளே அடைத்தாயிற்று. சொன்ன சொல்லை அடைக்க ஒரு பசையும் கிடைக்கவில்லை. கீர்த்திகன் நல்ல பிள்ளை. வீட்டுக்கு வருவான், தகப்பனோடு கால்பந்து பார்ப்பான், காய்ச்சல் என்றால் ஓடிவருவான். ஆனால் பதின்மூன்று வருடமாகக் கராஜுக்குள் மட்டும் கால் வைத்ததில்லை.

சென்ற ஐப்பசியில் அவன் தக்ஷாயினியைக் கட்டிக்கொண்டு வந்தான். கோயம்புத்தூர்ப் பெண். அங்கே தண்ணீர் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் பாகங்களை அளந்து, நல்லது எது தள்ளுபடி எது என்று பிரிக்கும் வேலை பார்த்தவள். இங்கே பகலில் நோர்வேஜிய மொழி வகுப்பு, மாலையில் செய்ய ஒன்றுமில்லை. வந்த இரண்டாம் வாரமே, பக்கத்துக் கட்டடத்திலிருந்த தங்கள் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் தேநீரோடு கராஜுக்கு வந்து நின்றாள்.

"இந்தக் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர் இருக்கணும் மாமா?" என்று கேட்டாள்.

பதினைந்து வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. "நாலரை" என்றார் யோகராசா. அளவுகோலை எடுத்து அவளிடமே நீட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு அவள் வந்தாள். அவர் அவளை 'நீங்கள்' என்றுதான் சொல்வார், 'பிள்ளை' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். ஒரு சொல் தடித்து வந்ததில்லை. ஐந்தரைக்கே முகம் கழுவிக்கொண்டு கராஜுக்குப் போகிற கணவனைப் பார்த்து விமலாதேவி சிரித்துக்கொள்வாள்.

அப்போது வேலை இடது பக்க முன் சக்கரத்தை மூடும் மட்காட்டில் வந்து நின்றது. உள்ளங்கை போகும் அளவுக்கு ஓட்டைகள், சுற்றிலும் துரு. பழையதின் அச்சில் இப்போது செய்து விற்கிற புதிய மட்காட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எழுதினார். பழையதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்தார். இந்தப் புதிய பாகங்களைப் பற்றி அவருக்குத் தெரியும். படத்தில் மாப்பிள்ளை மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்தால்தான் குணம் தெரியும். ஒன்றும் நேராகப் பொருந்தாது. பழையதைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்து, அதிலே கெடாமல் மிஞ்சியிருக்கும் ஹெட்லைட் வளையத்தையும் கதவோர விளிம்பையும் வெட்டியெடுத்துப் புதியதில் ஒட்டவேண்டும். அதனால் பழசு எவ்வளவு உக்கியிருந்தாலும் பொன். இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் தக்ஷாயினிக்கு வகுப்பு இல்லை. அவளுடைய ஊரில் அது போகி. பழையன கழிக்கிற நாள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, பொங்கலுக்கு முற்றம் கூட்டுவதோடு சரி. மாமாவும் அத்தையும் வேலைக்குப் போயிருந்த நேரம், அவர்கள் வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அவள் மாமா வீட்டைக் கழுவித் துடைத்தாள். பிறகு கராஜுக்கு இறங்கினாள். துருப்பிடித்த மட்காட்டைப் பார்த்துவிட்டுக் கீர்த்திகனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "புதுசு வருதுதானே, எறியும்" என்றான் அவன். கராஜ் விஷயம் அவனுக்கு என்ன தெரியும்? முற்றத்தில் பழைய இரும்புச் சாமான்களுக்கு ஒரு பெரிய தொட்டி நின்றது. மட்காட் அதற்குள் போயிற்று. தொட்டியை வரவழைத்தவர் வேறு யாருமில்லை, வக்ட்மெஸ்தர்தான். பொங்கலன்று காலை லொறி வந்தபோது கைகாட்டி, தாளில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவைத்தார். தன் பொன்னைத் தானே வழியனுப்பிவிட்டு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் புதிய மட்காட் வந்தது. அதுவரை எஞ்சினுக்குள்ளேயே தலையை விட்டிருந்தவர் சுவரோரத்தைக் கவனிக்கவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டு யோகராசா பழையதைத் தேடினார். காரின் அடியில், அலுமாரிக்குப் பின்னால், எங்கும் இல்லை. மேலே வந்து விமலாதேவியைக் கேட்டார். அவள் முகம் வெளுத்தது.

"தக்ஷாயினிதான் போகியெண்டு பழசுகளைக் கழிச்சவள். அவையின்ர ஊர் வழக்கமாம். நானும் நல்லதெண்டு சொல்லிப்போட்டன்."

யோகராசாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த நரம்பை முப்பத்திரண்டு வருடமாகத் தெரிந்தவள் எழுந்து கதவுக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ஏசிப்போடாதேங்கோ. அந்தக் கராஜுக்கு வந்த ஒரு பிள்ளையை ஏசி ஏசியே துரத்தினீங்கள். இவளும் வராமல் விட்டாளெண்டால் தாங்குவீங்களே?"

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். தாங்கமாட்டார் என்பது அவருக்கே தெரியும். அவர் மனதில் அப்போது காரும் இல்லை, மட்காட்டும் இல்லை. ஆறு மணியும் ஃபிளாஸ்கும்தான் இருந்தன.

அன்றிலிருந்து தொடங்கியது அவருடைய தவம். புதியதைத் தனியே தூக்கிப் பொருத்திப் பார்த்தார். ஐந்து திருகாணித் துளைகளில் மூன்று நேரே வரவில்லை. ஹெட்லைட் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தது. தகடோ, தட்டினால் தகர டப்பாச் சத்தம் போட்டது. விற்றவர்களுக்கு எழுதினார். 'சிறிய திருத்தங்கள் தேவைப்படலாம்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்களின் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். பல்லைத் திருத்தினால் போதும் என்று சொல்லிக் குரங்கைப் பெண்ணென்று கட்டிக் கொடுக்கிற மாதிரி!

வலது பக்கத்து மட்காட் பழையதுதான், நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து அளவெடுத்துப் புரட்டிப் போடலாம். ஆனால் அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். தக்ஷாயினியைக் கூப்பிட்டால், "பழசு எங்க?" என்று கேட்பாள். அதனால் அவள் வரும் நேரத்தில் புதியதன் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, ஒழுங்காக இருந்த கார்புரேட்டரைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகக் காலம் கடத்தினார். தேநீரைக் குடித்தார், "நல்லாயிருக்குப் பிள்ளை" என்றார். ஒன்பது நாள். சாந்தமான மனிதர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. யோகராசாவுக்கு அது மலையைத் தூக்கி நெஞ்சில் வைத்த பாடு.

அளக்கிறவள் கண்ணில் போர்வை எத்தனை நாள் நிற்கும்? பத்தாம் நாள் அவர் கை கழுவப் போன நேரம் அவள் அதை விலக்கிவிட்டாள். அவர் திரும்பி வந்தபோது, மட்காட்டை வண்டியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அளவுகோலை இடைவெளிக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது ரிஜெக்ட். மேல பதினொண்ணு இருக்கு, கீழ மூணு இருக்கு. எங்க ஃபேக்டரியில இத உள்ளயே விடமாட்டோம். பழச எடுங்க, பக்கத்துல வச்சுப் பார்த்தா எங்க தப்புன்னு..."

பேச்சு பாதியில் நின்றது. சுவரோரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அளவுகோலை இடைவெளியிலிருந்து வெளியே எடுத்தாள்.

"நான்தான் மாமா. போகிக்கு நான்தான் தூக்கிப் போட்டேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் பிள்ளை."

"எப்ப இருந்து?"

"ஒன்பது நாள். பரவாயில்லை, விடுங்கோ. நீங்கள் தெரிஞ்சே செய்தனீங்கள்?"

அவர் தன் வாழ்நாளிலேயே மிக மென்மையாகச் சொன்ன வாக்கியம் அதுதான். அவள் நெகிழ்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்கள் நிறைந்தன, ஆனால் குரல் உடைந்து எழுந்தது கோபமாக.

"பரவாயில்லையா? லிஃப்ட் கதவுக்குக் கத்துவீங்க. அத்தைகிட்டக் கத்துவீங்க. எங்கப்பாவா இருந்தா இந்நேரம் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு. ஒன்பது நாளா நான் கொடுத்த டீயக் குடிச்சுட்டு மனசுக்குள்ளயே வச்சிருந்தீங்களே, நான் என்ன விருந்தாளியா மாமா?"

ஏசினால் போய்விடுவாள் என்று பயந்தவருக்கு, ஏசாததாலேயே ஒரு பிள்ளைக்கு மனம் நோகும் என்பது அறுபதை நெருங்கும் வயதில்தான் புத்தியில் ஏறியது. பிறகு ஒன்பது நாள் அணை உடைந்தது.

"விசரே உனக்கு? ஆரையும் ஒரு வார்த்தை கேக்காமல் ஒரு சாமானைத் தூக்கி எறியிறதோ? அளக்கத் தெரிஞ்ச உனக்கு, பழசில்லாமல் புதுசை எதோட அளக்கிறதெண்டு யோசிக்கத் தெரியேல்லையே? மொக்கு வேலையெல்லோ பாத்திருக்கிறாய்! என்ர பதினைஞ்சு வருஷப் பாட்டை ஒரு நாளிலை கொண்டுபோய்த் துலைச்சுப்போட்டு, போகியாம் போகி!"

சத்தம் கராஜ் முழுக்க உருண்டது. தக்ஷாயினி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, கன்னத்தைத் துடைத்தபடி வெளியே போய்விட்டாள்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. 'கேட்டதும் அவள்தான், அழுததும் அவள்தான். நான் என்ன செய்ய?' என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தார். நியாயம் வயிற்றை நிரப்பவில்லை. நடந்ததைக் கேட்ட விமலாதேவி சோற்றுச் சட்டியை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கே கராஜுக்குப் போனார். ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. கையில் வைத்திருந்த திருகாணி முடுக்கியை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஆறரைக்கு விளக்கை அணைக்க எழுந்தபோது வாசலில் பனியை உதறும் சத்தம் கேட்டது.

தக்ஷாயினி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். கக்கத்தில் அவளை விடப் பெரிய ஒரு காகித அட்டை.

"இந்த அட்டைக்காகக் கடை கடையா அலைஞ்சதுல லேட்டாயிடுச்சு மாமா. வலது பக்கத்துல இருந்து அச்சு எடுத்து, புரட்டிப் போட்டு அளக்கலாம். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

யோகராசா போய் அட்டையின் மறு ஓரத்தைப் பிடித்தார். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம், நேத்து நீங்க திட்டுனதுல எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. மிச்சத்த இன்னொரு தடவை மெதுவா திட்டுங்க."