எதிர் ஜன்னலுக்குப் பயந்த குழாய்

ஐயப்பன்தாங்கலில் எங்கள் துணி டிரையரின் சூடான காற்றை வெளியே விடும் குழாய் இரண்டு அறைகளைச் சுற்றி வளைந்து தெருப்பக்கம் போகும். நேராக விட்டால் கை நீளம்தான். ஆனால் அங்கே பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறை ஜன்னல் இருந்தது. எங்கள் ஏசி தண்ணீர் சொட்டியதற்குத் தெருவே கேட்கும்படி கத்தியவர் அவர்.

அவ்வளவு நீளக் குழாயில் காற்று திணறியது. துணி ஈரமாகவே வந்தது. குழாயில் அடைத்த துணிப்பஞ்சை வழித்தேன், விசிறிகூட வைத்துப் பார்த்தேன். ம்ஹூம். சமையல், ஆபீஸ், நடுவில் மகளின் யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டியால் காயவைப்பது என்று ஓய்ந்து போனேன்.

ஒரு மழைநாள் காலையில் அந்த ஜன்னல் திறந்தது.

"இன்னாம்மா, தெனம் இஸ்திரி போட்டே காயவெக்கிற?"

சண்டைக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"காயப்போட்ட மொளகாயில தண்ணி சொட்டுச்சு, கத்துனேன். அதுக்குன்னு காத்துக்குமா கத்துவேன்? கொழாய இப்டியே நேரா உடு. நீ மிசின போடசொல்ல ஒரு கொரல் குடு, ஜன்னல சாத்திக்கிறேன்."

குழாயை வெட்டி அக்கா ஜன்னல் பக்கமே நேராக விட்டோம். அன்று மாலை சட்டை சுடச்சுட வந்தது.

இப்போதும் பட்டனை அழுத்தும் முன், "அக்கா, போடறேன்!" என்பேன். பட்டென்று ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். என் முகத்துக்கு நேரே ஒரு ஜன்னல் சாத்தப்படுவது இத்தனை ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.