வலது பக்கம் காலி

எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீம் இந்த வருடம் எப்படி என்று யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்வேன், நல்ல டீம். அடுத்த மாதம் நடக்கப்போகிற ஸோனல் போட்டியில் இரண்டு ரவுண்டாவது தாண்டுவோம். போன வருடம் முதல் மேட்சிலேயே நாலு கோல் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு விழுப்புரம் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய பேச்சுதான். ஆனால் மூன்று வாரம் கேம்ப் முடித்திருக்கிறோம், பேசாமல் எப்படி இருப்பது?

கோல்கீப்பர் ஹாஸ்டலில் என் ரூம்மேட். ஆறடி உயரம், கை நீளம், வாய் அதைவிட நீளம். நடுவில் கேப்டன். அதிகம் ஓடமாட்டான், ஆனால் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்பே போய் நின்றுகொண்டிருப்பான். இடது விங்கில் ஆடுகிறவன் காலுக்குப் பந்து போய்விட்டால் போலீஸ் வந்தாலும் வாங்க முடியாது. கவலைக்குரிய இடம் வலது பக்கம் ஒன்றுதான். அங்கே இருப்பது நான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நான் எக்ஸ்ட்ரா. தண்ணீர் பாட்டில் தூக்குவது, வெளியே போன பந்தை எடுத்து வருவது, கைதட்டுவது. இது மூன்றாம் வருடம், இதோடு சரி. டிகிரி முடித்ததும் பி.பி.எட். சேர வேண்டும், எங்கள் பி.டி. சார் மாதிரி ஒரு காலேஜில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்பது என் திட்டம். அதற்கு காலேஜ் டீமில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால்தான் சீட்டு கிடைக்கும் என்ற நம்பிக்கை வரும். சர்டிபிகேட் வேண்டுமென்றால் பதினெட்டுப் பேர் லிஸ்டில் பெயர் வர வேண்டும். வராவிட்டால் என்ன என்பதை அப்பா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அவர் கொத்தனார். "பந்து ஒதைக்கறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்? டிகிரிய முடிச்சிட்டு ஜல்தியா எதுனா கம்பெனில போய் சேரு" என்று போனில் வாரம் ஒருமுறை சொல்வார்.

எனவே மாசிக் கடைசியில் கேம்ப் ஆரம்பித்ததும் முதல் ஆளாக நான்தான் நின்றேன். காலை ஐந்தே முக்காலுக்கு. முதல் நாளே தெரிந்துவிட்டது, இது சரியாக வராது என்று.

எங்கள் க்ரவுண்டில் ஒரு கோல் போஸ்ட்தான் உண்டு. இன்னொன்றின் குறுக்குக் கம்பி போன மழைக்கு விழுந்தது, அப்படியே கிடக்கிறது. ஆகவே பதினோரு பேரும் எப்போதும் ஒரே திசையில் பந்தைக் கொண்டுபோவோம், ஜூனியர்கள் எதிரே நின்று தடுப்பார்கள். அந்த கோல் போஸ்ட்டைப் பார்த்து நின்றால் வலது பாதி முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர் கிடையாது, ரோடு. டிராக்டர் நேராக உள்ளே வரும், கொட்டும், போகும். பக்கத்து ஊர்க்காரர்கள் அறுவடை நேரத்தில் அங்கேதான் காயவைப்பார்கள். ஒரு வீட்டு மல்லாட்டை காய்ந்து மூட்டை ஏறினால் மறுநாள் அடுத்த வீட்டுடையது வந்துவிடும்.

பி.டி. சாரும் விவசாய வீட்டுக்காரர். கேப்டன் போய்ச் சொன்னபோது அவர் மல்லாட்டையைத்தான் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.

"ஈரம் இன்னும் போவல. நாலு நாளு வெயிலு வேணும். நீங்க இந்தாண்ட பாதில ஆடுங்கடா, ஒண்ணும் கொறஞ்சிடாது."

அப்படியே ஆடினோம். பாதி க்ரவுண்டுக்குள் பதினோரு பேரும் ஏழெட்டு ஜூனியர்களும். இடமில்லாததால் சின்னச் சின்ன பாஸ். தட்டு, வாங்கு, தட்டு. பத்து நாளில் இடது பக்கத்துப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு பந்தைக் கைமாற்றும் அளவுக்கு வந்துவிட்டார்கள். வலது பக்கம் பின்னால் நின்று தடுக்க வேண்டிய ரைட் பேக்கூட நைசாக நடுவுக்கு வந்து அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டான். நான் மட்டும் மல்லாட்டைக்கும் கூட்டத்துக்கும் நடுவில், கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாத சொந்தக்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"மச்சி, ஒரு பந்தாச்சும் குடுடா!" என்று கேப்டனிடம் கத்துவேன்.

"உனுக்குக் குடுத்தா அது நேரா மல்லாட்டைக்குப் போவும். அந்தக்கா வாயில யாரு வாங்கறது?"

அந்தக்கா என்பது காவலுக்கு உட்கார்ந்திருந்த அக்கா. கறுப்புக் குடை, கையில் ஒரு நீளக் குச்சி, காக்கா ஓட்டுவதற்கு. எந்தக் காக்காவையும்விட எங்களைத்தான் அதிகம் ஓட்டியது. பந்து மல்லாட்டைமேல் விழுந்தால் எடுப்பது பக்கத்தில் நிற்கிற என் வேலை. அதற்கும் ஒரு சட்டம் போட்டிருந்தது அக்கா.

"எப்பா, பூட்ஸ கழட்டிட்டு வா. அதுல கீற ஆணி குத்தி அவ்ளோவும் ஒடையுது."

"ஒரு நிமிசம்க்கா, டக்குனு எடுத்துக்கினு போய்டறேன்."

"கழட்டுன்னேன்."

கழற்றுவேன், எடுப்பேன், மறுபடி மாட்டி லேஸ் கட்டுவேன். கட்டி முடிப்பதற்குள் அடுத்த பந்து வந்து விழும். நாலாவது நாளிலிருந்து பூட்ஸே போடவில்லை. ஒருநாள் பந்தை எடுக்கப் போனபோது அக்கா ஒரு கைப்பிடி பச்சை மல்லாட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நெடுநேரமாகக் கேட்க நினைத்த மாதிரி கேட்டது:

"ஏம்பா, நீ இன்னா பண்ற அங்க? அவனுங்க எல்லாம் ஆடு மேயற மாதிரி ஒரே பக்கமா மேயறானுங்க. நீ காவலா?"

"நான் ரைட் விங்கருக்கா."

"அப்டின்னா?"

வலது ஓரத்தில் நின்று, பந்து வந்ததும் கோலைப் பார்த்து ஓடுகிறவன் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப நானும் ரைட் விங்கருதான்" என்றது.

கேம்பின் கடைசி வாரம் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். பதினேழு பெயர் முடிவாகிவிட்டது, ஒன்று பாக்கி என்றார். எனக்கும் இரண்டாம் வருடத்துப் பையன் ஒருவனுக்கும் போட்டி.

"உன்ன பத்தி எனுக்கு ஒண்ணுமே தெரிலடா. மூணு வாரமா பாக்கறேன், உங்கிட்ட பந்தே வர்ல. எத வெச்சி எழுதறது? ஞாயித்துக்கெழம திண்டிவனத்துல ஒரு ப்ராக்டிஸ் மேட்ச் பேசிகிறேன். ஃபுல் க்ரவுண்டு. அதுல பாக்கறேன்."

ஃபுல் க்ரவுண்டு என்ற சொல்லைக் கேட்டு அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு முட்டை சேர்த்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாள். மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் எங்கள் பஸ்ஸில்தான் இருந்தது. மஞ்சள் வேட்டி, காவடி, கைக்குழந்தை, நடுவில் நாங்கள் பந்து மூட்டையோடு. விக்கிரவாண்டி தாண்டவே நேரமாகி, திண்டிவனம் போய் இறங்கியபோது எதிரணி வியர்க்க வியர்க்கத் தயாராகி நின்றது. நாங்கள் உடுப்பு மாற்றியதுதான் வார்ம்-அப்.

விசில் ஊதியதும் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. க்ரவுண்டு முழுசாக இருந்தது, பந்து மட்டும் இடது பக்கம்தான் போயிற்று. என் முன்னால் வெறும் புல். மல்லாட்டை இல்லை, குடை இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் பயல்கள் பழக்கத்தில் ஒன்பது பேரும் இடது மூலையில் கூடி, தட்டு வாங்கு தட்டு என்று ஒருவருக்கொருவர் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கித் தூக்கி தோள் வலித்துவிட்டது. எதிரணிக்காரர்கள் ஒருமுறை பந்தைப் பிடுங்கி, நீளமாக எங்கள் வலது பக்கம் உதைத்தார்கள். அங்கே அவர்களுடைய லெஃப்ட் விங்கர். குள்ளம், முன்முடிக்கு செம்பட்டை நிறம் அடித்திருந்தான். ரைட் பேக் இருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. நடந்தே போய் கோல் போட்டான் என்று சொல்லலாம்.

பத்து நிமிடத்தில் அதே மாதிரி இரண்டாவது.

கோல்கீப்பர் என் ரூம்மேட் தொண்டை கிழியக் கத்தினான். "டேய், வலது பக்கம் யாராச்சும் நில்லுங்கடா! வாடகைக்கா வுட்டுகிறீங்க?"

ஹாஃப் டைமில் பி.டி. சார் இடுப்பில் கைவைத்து நின்றார். "எங்கடா கீறீங்க எல்லாம்? வலது பக்கம் போனா காலு வெந்துடுமா?"

கேப்டன்தான் மெதுவாக, "சார்... அந்தப் பக்கம் மல்லாட்ட கீதுல்ல சார், அந்த ஞாபகம்" என்றான்.

சார் அவனைப் பார்த்தார். திரும்பி வெறும் புல்லைப் பார்த்தார். கோபப்பட முயற்சி செய்தார் என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை. அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்துவிட்டோம். எதிரணிக்காரர்கள், இரண்டு கோல் வாங்கியவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

"போங்கடா, வலது பக்கமும் ஆடுங்க. இவனுக்கும் பந்து குடுங்க" என்று என்னைக் காட்டி அனுப்பினார்.

இரண்டாவது பாதியின் மூன்றாவது நிமிடத்தில் எனக்குப் பந்து வந்தது. மூன்று வாரம் கனவில் வந்த பந்து. நிறுத்தினேன், நிமிர்ந்து பார்த்தேன், கோலுக்கு முன்னால் எங்கள் ஆள் தனியாக நிற்கிறான். முழு ஆசையையும் காலில் வைத்து உதைத்தேன். பந்து அவன் தலைக்கு மேல், கோல் போஸ்ட்டுக்கு மேல், சுவருக்கு மேல் பறந்து ஒரு வீட்டு மாடியில் துணி காய்கிற கொடியில் மாட்டிக்கொண்டது. பந்தை வாங்கிவர ஐந்து நிமிடம். இரண்டாவது பந்து வந்தபோது ஆஃப்சைடு. மூன்றாவது வரவே இல்லை.

அந்த நேரத்தில் செம்பட்டை முடிக்காரன் மறுபடி கிளம்பினான். எங்கள் ரைட் பேக் வழக்கம்போல் எங்கேயோ நடுவில். லிஸ்டு போச்சு என்ற கடுப்பில் நான் அவன் பின்னால் ஓடினேன். முக்கால் க்ரவுண்டு ஓடிப் பிடித்து, சறுக்கி, பந்தை மட்டும் வெளியே தட்டினேன். முழங்கை தேய்ந்தது. அவன் எழுந்து பார்த்தான்.

"இன்னா ப்ரோ, விங்கருதான நீ? இங்க இன்னா வேல?"

"உன்ன பாத்துக்கினு போலாம்னு வந்தேன் ப்ரோ."

அடுத்த முறை வந்தான், மறுபடி தட்டினேன். பிறகு நான் முன்னால் போகவே இல்லை. அவன் தோளோடு ஒட்டிக்கொண்டேன். அவன் தண்ணீர் குடிக்கப் போனால் நானும் போனேன். அவன் திரும்புவதற்கு முன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் நானும் அதேபோல்தான் திரும்புவேன். உண்மையைச் சொன்னால், ஜாலியாக இருந்தது.

இதற்குள் எங்கள் இடது பக்கம் தன் வேலையைக் காட்டி இரண்டு கோல் போட்டுவிட்டது. சமம். அந்தச் சந்தோஷத்தில் மொத்த டீமும், சார் சொன்னாரே என்று, ஒருவர் பாக்கியில்லாமல் வலது பக்கம் ஓடிவந்தார்கள். இப்போது இடது பக்கம் காலி. அதன் வழியாக மூன்றாவது கோல் வாங்கினோம். மேட்ச் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸிலும் அதே மயிலம் கூட்டம், இன்னும் இரண்டு மடங்கு. ஏறுவதற்கு முன்பே பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விங்கு உனுக்கு வர்ல. வுட்டுடு. ரைட் பேக்கு ஆடறியா? ஆடறேன்னா உன் பேர எழுதறேன்."

"சார், நான் விங்கரு சார். கோல் போடணும் சார்."

"செகண்ட் ஹாஃப்ல அந்தப் பையன் உன்னத் தாண்டி எத்தினி வாட்டி போனான்?"

யோசித்தேன். "போவல சார்."

"அதான். நான் கூட்டேரிப்பட்டுல எறங்கறேன். அதுக்குள்ள சொல்லு. நாளைக்கி லிஸ்ட் குடுக்கணும். இல்லாட்டி அந்த செகண்ட் இயர் பையன போட்டுடுவேன்."

சார் முன்வாசலில் ஏறினார், நாங்கள் பின்வாசலில். நடுவில் நூறு பேர். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறைத்தபடி நின்றேன். ரைட் பேக் என்றால் யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள். ஸ்டேட்டஸ் போட ஒன்றும் இருக்காது. பத்தாம் வகுப்பிலிருந்து விங்கர் என்றே சொல்லித் திரிந்தவன் நான்.

ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுவே ஆச்சரியம்.

"மாமே, நீ விங்குல நின்னா உனுக்கு கெத்து. பின்னாடி நின்னா எனுக்கு உயிரு. ரெண்டாவது ஹாஃப்ல உன் பக்கத்துலேந்து எனுக்கு ஒரு பந்து வர்லடா. நான் பாட்டுக்கு நின்னுகினு இருந்தேன்."

"அதுக்கோசரம் நான் வாழ்க்கையே வுடணுமா?"

"இன்னா வாழ்க்க? உன் பந்து மொட்ட மாடில துணி காயப்போட்டுகினு இருந்துச்சே, அந்த வாழ்க்கையா? சர்டிபிகேட்ல விங்கரா பேக்கான்னா போடுவான்? ஆடுனான்னு போடுவான், அவ்ளோதான். பேஜாரு பண்ணாம போய் சொல்லு."

வெளியே பார்த்தேன். ஃப்ளக்ஸ் போர்டுகள், டீக்கடை வெளிச்சம், காவடிக் கூட்டம். கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது. பஸ் வேகம் குறைந்தது. மயிலம் போகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நான் முன்னால் போக முயன்றேன். ஒரு காவடிக்கும் ஒரு அம்மாவின் கூடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்வாசலில் சாரின் தொப்பி இறங்குவது தெரிந்தது.

"சார்! ரைட் பேக்கு ஓகே சார்! ரைட் பேக்கு!"

பஸ் முழுக்கத் திரும்பியது. கண்டக்டர், "யாருப்பா பேக்கு வுட்டது? எறங்குறதுக்குள்ள எடுத்துக்க" என்றார். மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் என்ன நினைத்தாரோ, "முருகா, அவனுக்கு ஓகே பண்ணுப்பா" என்று சத்தமாகச் சொன்னார்.

சார் கீழே இறங்கி ஜன்னலோரமாக நடந்து வந்தார். என்னைத் தேடிப் பார்த்துவிட்டு சட்டைப் பையிலிருந்து பேனாவையும் மடித்த தாளையும் எடுத்தார். பஸ்ஸின் பக்கத் தகட்டில் வைத்து எழுதினார். டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க எழுதினார்.

"எழுதிட்டேன். நாளைக்கி காலைல அஞ்சே முக்காலு. பூட்ஸோட வா" என்றார்.