கடைகள் அடைக்கப்பட்டன

பிரெஞ்சுக்காரன் போன புதுசில், மதராஸ் நாளிதழ் ஒன்றுக்குப் புதுச்சேரியிலிருந்து செய்தி அனுப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. வேலை கிடைத்ததே தவிர, செய்தி கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் உச்சிவேளையில், பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து கத்திரிக்காய் ஏற்றி வந்த விவசாயி ஒருவரின் மாட்டுவண்டி, ஜவுளிக்கடை பாயின் கீற்றுப் பந்தலைப் பெயர்த்துக்கொண்டு போனது. இருவரும் ஒருவர் பரம்பரையை ஒருவர் உரக்க விசாரித்துக்கொண்டார்கள். நான் தந்தி கொடுக்க ஓடினேன்.

'இரு சமூகத்தவர் மோதல். கடைகள் அடைக்கப்பட்டன. தெருக்கள் வெறிச்சோடின.'

ஒரு சொல்லும் பொய்யில்லை. பன்னிரண்டு அடித்தால் கடையைச் சாத்திவிட்டு மூன்று மணி வரை தூங்குவது, பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊருக்குப் பழக்கிவிட்டுப் போன வழக்கம். உலகத்துக்கே தெரிந்ததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். மதராஸுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பாயும் விவசாயியும் சேர்ந்தே என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"என்னா தம்பி எழுதி வச்சிருக்கே? ஞாயித்துக்கெழம எம் பொண்ணுக்கு நிக்காஹ். கலவரம் நடக்கிற ஊருக்கு வரமாட்டோம்னு கடலூர்லேர்ந்து மாப்ள வூட்ல சொல்லி அனுப்பிட்டாங்க."

"கல்யாணத்துக்கு நாலு மூட்டை கத்திரிக்கா கேட்டிருந்தாரு" என்றார் விவசாயி. "ஒங்க வூட்லயே எறக்கிடட்டுமா?"

இதற்குள் மதராஸிலிருந்து சமாதானக் குழு ஒன்றும் வந்து போயிருந்தது. வந்தது பகல் ஒரு மணிக்கு. சாத்திய கடைகளைப் பார்த்துவிட்டு, 'நிலைமை நினைத்ததைவிட மோசம்' என்று அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நாங்கள் மூவரும் கடலூருக்கு பஸ் ஏறினோம்.

மாப்பிள்ளையின் அத்தா நேராக விஷயத்துக்கு வந்தார். "கலவரம் இல்லேன்னா கடைய ஏன் சாத்துனீங்க?"

"தூங்கறதுக்கு" என்றார் பாய்.

"பட்டப்பகல்லயா? வியாபாரியா?"

"நெசந்தாங்க" என்று குறுக்கிட்டார் விவசாயி. "இவருக்குத் தூக்கம் வந்துச்சு, எனக்குப் பசி வந்துச்சு. சண்டைய அதோட வுட்டுட்டோம். மறுநாளே பந்தல நாந்தான் கட்டிக் குடுத்தேன். வந்து ஆட்டிப் பாருங்க."

மாப்பிள்ளையின் அத்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சரி, வர்றோம். ஆனா இந்தப் பத்திரிகைக்காரரு கல்யாணத்துக்கு வரப்படாது. சாப்பாட்டுக்கு நாலு பேர் நெருக்கி உக்காந்தா தள்ளுமுள்ளுன்னு எழுதிடுவாரு."

"சரிங்க" என்றார்கள் பாயும் விவசாயியும், ஒரே குரலில். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு எத்தனையோ சமாதானக் கூட்டங்களுக்குச் செய்தி எழுதப் போயிருக்கிறேன். இரு தரப்பும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரசஞ்சாதம் சாப்பிட்டேன். பிரியாணி வாசனை மட்டும் எந்தத் தடையுமில்லாமல் வந்துகொண்டிருந்தது.