லண்டனுக்குப் போன பேண்டேஜ் துணி

ராஜபாளையத்தில் என்ன தொழில் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் தையல் யூனிட் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் கேட்கிறவர் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது. இங்கிலாந்தில் ஃபேஷன் டிசைன் படித்து முடித்துவிட்டு, கையில் காசில்லாமல், தலை நிறையக் கற்பனையோடு திரிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய முதல் ஷோவுக்கான உடுப்புகளை நான் தைத்துக் கொடுக்கிறேன். இதை எவ்வளவு பொறுமையாகச் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் வருகிற அடுத்த கேள்வி ஒன்றுதான்.

"அப்ப நைட்டி தைக்கலையா?"

கேட்பதில் தப்பில்லை. பக்கத்தில் தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். என்னிடம் வேலை செய்கிற மூன்று தையல்காரிகளும் அங்கே கை பழகியவர்கள்தான்.

லண்டனில் ஓர் அமைப்பு இருக்கிறது. வருஷாவருஷம் புது டிசைனர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து, செப்டம்பர் மாத ஷோவில் இடம் வாங்கிக் கொடுத்து, கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் பார்க்கும்படி மேடையேற்றிவிடுவார்கள். மேடையேற வேண்டுமென்றால் உடுப்பை யாராவது தைக்க வேண்டுமே. பெரிய ஃபேக்டரிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் இல்லாமல் மெஷினைத் தொட மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பீஸ் என்றால் பேச்சை முடிக்குமுன்பே ஃபோனை வைத்துவிடுவார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு பீஸுக்குத்தான் நான். கோயம்புத்தூரில் என்னோடு படித்தவள் ஒருத்தி அந்த அமைப்பில் வேலை பார்க்கிறாள். அவள்தான் என்னைக் கோத்துவிட்டாள்.

இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி. ஷோவுக்கு முந்தின மாதங்களில் பொழுது விடிந்தால் நான்தான் வேண்டும். பட்டன் இடம் மாற வேண்டும், கை நீளம் குறைய வேண்டும், உயிரே போகிற மாதிரி பேசுவார்கள். ஷோ ஜெயித்துவிட்டால் ஆர்டர் குவியும், பெரிய ஃபேக்டரி தேடிப் போய்விடுவார்கள். தோற்றுவிட்டால் ஏதாவது கடையில் வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு ஃபோன் வராது. இதில் வருத்தமில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரோடும் வீதியிலேயே. அம்மா இருந்தவரை இரண்டு பேர். கல்யாணம் ஒரு வருஷம்கூடத் தாங்காமல் நான் திரும்பி வந்த நாளிலிருந்து அம்மா கண்ணை மூடும்வரை எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. இப்போது சண்டையில்லாத வீட்டில் இருக்கிறேன், அது அதைவிடக் கஷ்டம். தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். லீவுக்கு வந்தால் மாமியார் வீட்டில் இறங்கி, எனக்கு ஓர் எட்டு வந்து முகம் காட்டிவிட்டுப் போவான். ஒரே ஆளுக்குச் சமைப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. ரசம் வைத்தால் மூன்று நாளைக்கு அதே ரசம்.

காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி ஆரம்பிப்பாள். "வீட்ல யாரு யாரு இருக்கிய?" நான் மட்டும்தான் என்று சொன்னதும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். ஒட்டுவாரொட்டி வியாதி என்று நினைப்பாளோ என்னவோ.

அந்த டிசைனர் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். வந்தாள் என்றால் ஃபோனில்தான். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ சின்ன ஊர்க்காரி. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். லண்டனில் ஒரு கடைக்கு மேல் மாடியில், சுவரில் ஈரம் பூத்த ஓர் அறையில் தனியாக இருந்தாள். அவள் பேசிய இங்கிலீஷ் முதல் வாரம் எனக்குப் பாதிதான் புரிந்தது. என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். இங்கே எல்லாரும் அக்கா என்பார்கள் என்றேன். அன்றையிலிருந்து "ஆக்கா" ஆகிவிட்டேன். எத்தனை தடவை திருத்தியும் அந்த ஆவன்னா குறையவில்லை.

"உங்க ஊர்ல என்ன துணி நெய்யறாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியைக் காமிராவில் காட்டினேன். காயத்துக்குச் சுற்றுவது, இதில் உடுப்புத் தைக்க முடியாது என்றும் சொன்னேன். அவள் திரையில் முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு பார்த்தாள். இது போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அவளுடைய டிசைன் இதுதான்: அந்த மெல்லிய துணியை அடுக்கடுக்காக வைத்துக் கவுனும் கோட்டும் தைக்க வேண்டும். ஓரம் எதையும் மடித்து அடிக்கக் கூடாது. அடியில் நூலை உருவி உருவிக் கணுக்கால்வரை தொங்கவிட வேண்டும். பிசிறுதான் அழகே. முதல் கவுனைத் தைத்து மாட்டியதும் எங்கள் தையல்காரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "யக்கா, இது தச்சு முடிச்சதா, இல்ல இனிமேத்தான் தைக்கணுமா?"

இந்த ஷோ சரிவராவிட்டால் ஊருக்குத் திரும்பி, அம்மாவோடு இருந்துகொண்டு சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குப் போவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. அதை அவளே சொன்னாள். எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அவளுக்குக் காலை. அவள் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவேன். முதலில் வேலைப் பேச்சு. பிறகு இன்றைக்கு என்ன குழம்பு, அங்கே மழை விட்டதா, நேற்றுத் தூங்கினாயா. கத்திரிக்காயைக் காமிராவுக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டச் சொல்வாள். அம்மா போன பிறகு நான் ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டது அந்த மாதங்களில்தான். அவளுக்காகவே விதவிதமாகச் சமைக்க ஆரம்பித்தேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். ஜெயித்த பிறகும் அந்த ஃபோன் வர வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். இதுவரை ஒருத்தர் விஷயத்திலும் அப்படி நடந்ததில்லை என்று தெரிந்தே ஆசைப்பட்டேன்.

பார்சல் போக வேண்டிய வாரத்தில் ஆடிப்பூரத் தேர் வந்தது. யூனிட்டுக்கு லீவு விட்டேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என் வீட்டில் கூட்டம் இருக்கும். சொந்தக்காரர்கள் கும்பலாக வந்து செருப்பையும் பையையும் போட்டு, பாத்ரூம் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் தேர் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். திரும்ப வந்து பையை எடுத்துக்கொண்டு, "வாரோம்" என்று போய்விடுவார்கள். அன்றும் அப்படித்தான். வாசலில் அத்தனை செருப்பு கிடந்தது, உள்ளே நான் ஒருத்தி.

மறுநாள் யூனிட்டுக்குப் போனால் செக்கிங் பார்க்கிறவள் எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றாள். தைத்து முடித்த உடுப்பில் தொங்குகிற நூலை வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் அவள் வேலை. எல்லாத் தையலும் முடிந்து கடைசியில் வருகிறவள் என்பதால், இந்த டிசைனைப் பற்றி நான் மற்றவர்களிடம் படித்துப் படித்துச் சொன்னபோது அவள் அங்கே இல்லை. அவளிடம் ஒரு சாவி உண்டு. பார்சல் லேட்டாகிவிடக் கூடாதே என்று லீவு நாளிலும் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்த பீஸ வேணும்னாலும் எடுத்துப் பாருங்க, யக்கா. ஒரு நூலு இருக்கான்னு சொல்லுங்க."

பன்னிரண்டு உடுப்பும் ஹேங்கரில் தொங்கின. அடி ஓரமெல்லாம் கத்தரியால் நேராக வெட்டி, மொரமொரவென்று இஸ்திரி போட்டு, நைட்டிக் கடைக்கு அனுப்புகிற பதத்தில் இருந்தன. வெட்டிய நூல் ஒரு சாக்கு நிறைய மூலையில் இருந்தது.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

அவள் அரண்டுபோனாள். "நூலு தொங்கினா ரிட்டன் அனுப்பிருவாவல்லா யக்கா? இங்க இருக்கவியளே வாங்க மாட்டாவ. லண்டன்ல மட்டும் விட்டுருவாவளா?"

இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் நாங்கள் எல்லாரும் பயந்து நடுங்குவது அந்த ஒரு நூலுக்குத்தான். அவளிடத்தில் நான் இருந்தாலும் கத்தரியைத்தான் எடுத்திருப்பேன்.

மதியம் லண்டன் பெண் கூப்பிட்டபோது காமிராவை உடுப்புப் பக்கம் திருப்பினேன். ரொட்டியைக் கீழே வைத்தாள். அழுகிறாள் என்பது அவள் மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது. எனக்கு அவளைத் தொட்டுச் சமாதானம் சொல்ல வேண்டும்போல இருந்தது, கையில் ஃபோன்தான் இருந்தது. பிறகு அவளே கேட்டாள், இன்னும் நூல் உருவ முடியுமா என்று. முடியும், ஆனால் துணி பிரிந்துவிடாமல் மேலே ஒரு தையல் ஓட்டிவிட்டுத்தான் உருவ வேண்டும், உடுப்பு ஒரு சாண் குட்டையாகிவிடும் என்றேன்.

"ஆகட்டும் ஆக்கா. குட்டையா இருந்துட்டுப் போகட்டும்."

பார்சல் கிளம்பும்வரை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஊக்கு முனையால் நூல் உருவினோம். அவள் ஃபோனை வைக்கவே இல்லை. இஸ்திரி மேஜையில் ஃபோனைச் சாய்த்து நிறுத்தியிருந்தேன். அங்கே அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே எங்களோடு இருந்தாள். நூலை வெட்டியவள் மற்றவர்களைவிட வேகமாக உருவிக்கொண்டே, வருத்தத்தையெல்லாம் அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே கொட்டினாள்.

"ஏட்டி, நீ ஒழுங்கா திங்கியா இல்லையா? கழுத்தெலும்பு தெரியுது. யக்கா, கல்யாணம் ஆயிருச்சான்னு கேளுங்க."

நான் கேட்டேன். ஷோ முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். அதைத் தமிழில் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ஃபோனுக்குள் அவளும் சிரித்தாள். காரியம் கெட்டுப்போன நேரம், விரலெல்லாம் ஊக்குக் குத்தி எரிந்தது, ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த வேலை முடியாமல் இன்னும் இரண்டு நாள் இழுத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஷோவை நினைத்ததும் என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

பார்சல் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு நேரமில்லை. மாடல்களுக்கு அளவு பார்க்க வேண்டும், செருப்பு தேட வேண்டும். ஃபோன் தினம் வந்தது ஒன்றுவிட்டு ஒரு நாளானது, பிறகு குறுஞ்செய்தியானது.

ஷோவை யூனிட்டில் எல்லாருமாக ஃபோனில் பார்த்தோம். வெள்ளைச் சுவர் வைத்த பெரிய கூடம், இரண்டு பக்கமும் ஆட்கள். எங்கள் பேண்டேஜ் துணி வெளிச்சத்தில் பனி மாதிரி வந்தது. நூல்கள் முழங்காலுக்குக் கீழே ஆடின. "தரையில இழுபடாம எம்புட்டு நல்லா இருக்கு பாருங்க. வெட்டினதும் ஒரு நல்லதுக்குத்தான்" என்று நூலை வெட்டியவள் தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள். கடைசியில் அந்தப் பெண் ஓடி வந்து தலை குனிந்து கும்பிடு மாதிரி ஒன்று போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே கோயம்புத்தூர்த் தோழி செய்தி அனுப்பினாள். பெரிய பெரிய கடைக்காரர்கள் கேட்கிறார்கள், போர்ச்சுகலில் ஒரு ஃபேக்டரியோடு பேச்சு நடக்கிறது, உன் பிள்ளை கரையேறிவிட்டாள் என்றாள். யூனிட்டில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பிள்ளைகளைக் கைதூக்கி விடத்தானே நான் இருக்கிறேன்.

மறுநாள் மதியம் ஃபோன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள், அதனால் காத்திருந்தேன். அந்த வாரம் முடிகிற சமயம், கத்திரிக்காய்க் குழம்பு கொண்டுபோயிருந்த அன்று, வெட்கத்தை விட்டு நானே கூப்பிட்டேன்.

எடுத்தாள். முகம் தெரியவில்லை, ஏதோ கூட்டத்துக்கு நடுவில் இருந்தாள். காலைச் சாப்பாட்டு விருந்து போலிருந்தது, கோப்பையும் கரண்டியும் உரசுகிற சத்தம், யார் யாரோ சிரிக்கிற சத்தம். "ஆக்கா!" என்று சந்தோஷமாகத்தான் கத்தினாள். பக்கத்தில் ஓர் ஆண் குரல் யாரது என்று கேட்டது. அவள் ஃபோனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, ஆனாலும் எனக்குக் கேட்கிற மாதிரி, "மை ஃபேக்டரி" என்று சொன்னாள். பிறகு என்னிடம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. புதிதாகக் கால் ஊன்றுகிற பெண், அந்த இடத்தில் எனக்கு ஒரு ஃபேக்டரி இருக்கிறது என்று சொன்னால்தான் நாலு பேர் மதிப்பார்கள். என்னிடம் யோசனை கேட்டிருந்தால் நானே அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பேன். இத்தனையும் தெரிந்தும் கண் நிறைந்து, டிபன் பாக்ஸில் இருந்தது தெரியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் தையல்காரிகள் சாப்பிட்டபடி எதற்கோ சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அங்கே போய் உட்காரலாம் என்று எழுந்தேன். முதலாளி வந்துவிட்டாள் என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். டிபனை மூடினேன். அன்றைக்கு ஃபேக்டரி சாப்பிடவில்லை.