சோப்பு அக்காவின் செம்பு

சோப்பு அக்கா சோப்பைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் செம்பைக் கழுவியது அமிலத்திலும் காய்ச்சி வடித்த தண்ணீரிலும். ஆனாலும் யாரோ வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

மலைக்கு அடியில், பழைய சுரங்கத்தில், ஓர் அணு உடைவதற்காக விஞ்ஞானிகள் காத்திருக்கிறார்கள். கோடானுகோடி வருடத்தில் ஒரு தரம் உடையலாம், உடையாமலும் போகலாம். அதைப் பார்க்கும் கருவிக்கு மனித உடம்பில் இயல்பாக இருக்கும் கதிர்வீச்சே பெரிய கூச்சல். அந்தக் கூச்சலைத் தடுக்க அதைச் சுற்றி அடுக்கப்போகும் செம்புத் தகடுகளைத்தான் அக்கா ஒன்பது வருடமாகக் கழுவினார். நான் லிஃப்ட் ஓட்டுகிறவன். தினமும் அவரைக் கீழே இறக்கியிருக்கிறேன்.

அவர் வாய்க்கு அந்த அமிலமே தேவலாம். இதய ஸ்கேனுக்காகக் கதிரியக்க ஊசி போட்டுக்கொண்டு வந்த எலக்ட்ரீஷியனை, பிள்ளைகுட்டிக்காரன் என்றும் பாராமல், லிஃப்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

“உன் கஷ்டமெல்லாம் கருவிக்குத் தெரியாதுப்பா” என்றார். ஆய்வுக்கூடத்து இயக்குநர் அதைப் போகிற இடமெல்லாம் மெச்சிச் சொன்னார்.

பிறகு அக்காவுக்கே தைராய்டில் புற்றுநோய் வந்தது. அறுத்து எடுத்தார்கள். ஒட்டியிருந்த மிச்சத்தைக் கொல்லக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். குழந்தைகளிடமிருந்து சில நாள் தள்ளியிருக்கும்படி டாக்டர் சொன்னார். கருவியை மூடும் வாரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. தகடுகளைத் தன் கையாலேயே அடுக்க வேண்டும், மூடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அக்காவுக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. டாக்டர் சொன்னதைவிட இரண்டு மடங்கு நாள் வீட்டில் கிடந்துவிட்டு, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். தொண்டையில் கட்டி, எடுத்தாயிற்று என்றார். மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவருக்குத் தன் உடம்பு என்றதும் கணக்கு வேறாகிவிட்டது.

அடுக்குவதற்கு முன் சோதித்த தகடுகளில் கதிரியக்க அயோடின் தெரிந்தது. மலையிலும் அது கிடையாது, செம்பிலும் கிடையாது. யாரோ வேர்வையில் கொண்டுவந்தது. இயக்குநர் எங்களை வரிசையாக நிறுத்தி, கதிர்வீச்சு அளக்கும் கைமீட்டரை ஒவ்வொரு கழுத்தருகிலும் கொண்டுபோனார். அக்காவிடம் வந்ததும் அது கத்தியது. எலக்ட்ரீஷியன் வாய்விட்டுச் சிரித்தான்.

“மூணு மாசத்துல தானா இல்லாமப் போயிடும் சார்” என்றார் அக்கா.

“தெரியும். அதனாலதான் செம்பைத் தூக்கிப் போடல” என்றார் இயக்குநர். “உங்க கஷ்டம் கருவிக்குத் தெரியாதும்மா. நீங்க சொன்னதுதான்.”

அன்றே அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நான்தான் மேலே ஏற்றிவிட்டேன். வழி முழுக்க, தகடுகளை ஈரம் படாத அறையில் வைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்று மாதம் கழித்து லிஃப்ட் வாசலுக்கு வந்து நின்றார். வாசலில் தொங்கும் மீட்டரைத் தன் கழுத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அது வாயே திறக்கவில்லை. காவலாளி, பெயர் பட்டியலில் இல்லை, உள்ளே விட முடியாது என்றான்.

“செம்பு என்னாச்சு?” என்று என்னைக் கேட்டார்.

“காலைலதான் அடுக்கி மூடினாங்க அக்கா.”

“யாரு கழுவினா?”

“யாரும் கழுவல. நீங்க கழுவினதே போதும்னுட்டாரு இயக்குநர்.”

அக்கா தலையாட்டினார். “அது சரி, அதுக்கு மேல யாரால கழுவ முடியும்” என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.