பட்டையில்லாத திரை

கணினியைத் திறந்ததும் அட்டவணைக்காரர் செய்யும் முதல் வேலை, திரையின் அடியில் இரவோடு இரவாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒரு பார்வை. ஒன்றும் இல்லையென்றால் “ம்” என்பார். அதன் பிறகுதான் குளிர்கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார். முளைத்திருந்தால் போச்சு. “வந்துட்டான்யா! ராத்திரி அப்டேட்டுன்னு உள்ள நுழைஞ்சு மறுபடியும் கடைய விரிச்சிட்டான்!” என்ற குரல் கேட்டால், அன்று முற்பகல் அவரிடம் யாரும் எந்தக் காகிதத்தையும் நீட்ட மாட்டோம்.

நகரத்துப் பேருந்துகள் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வர வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். ஓட்டுநரோடு சண்டை கிடையாது, மேலதிகாரியோடு சண்டை கிடையாது. ஒரே ஒரு பகை உண்டு. திறந்து வைத்த வேலைகள், பொத்தான்கள், மணி, தேதி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, கணினித் திரையின் அடியில் ஒரு பட்டை, அதனோடுதான். ஊரெல்லாம் கண்டும் காணாமல் விட்டுவிட்ட அந்தப் பட்டையை அவரால் மட்டும் விட முடியவில்லை. “டெஸ்க்டாப்னு பேரு வச்சிருக்கான். என் மேசைன்னுதானே அர்த்தம்? என் மேசை ஓரத்துல எவனோ பெட்டிக்கடை போட்டா நான் சும்மா இருக்கணுமா?”

சும்மா இருக்கவில்லை. பட்டையை முதலில் மெலிதாக்கினார். பிறகு கீழிருந்து மேலே ஏற்றினார். பிறகு ஒளித்து வைத்தார். ஒளிந்தாலும், மவுஸ் அம்பு கிட்டே போனால் அது எட்டிப் பார்த்தது. “வேலைக்காரன் கூப்பிட்டா வரணும். கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேக்கக் கூடாது.” ஆகவே எங்கெங்கோ தேடி, இதே வெறுப்போடு எந்த நாட்டிலோ உட்கார்ந்திருந்த ஒருவர் எழுதிய குட்டி நிரல் ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். அந்த நிரல் இருந்தால், திரையின் இடது மேல் மூலையில் அம்பை வைத்து அசையாமல் காத்திருக்கும்போதுதான் பட்டை தலைகாட்டும். கை லேசாக நடுங்கினாலும் ஓடிவிடும். அதை எழுதியவருக்கு நன்றி சொல்லி அனுப்பினார். பதில் வந்த அன்று அறை முழுவதற்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். தன் கல்யாண நாளைக்கூட அவர் அப்படிக் கொண்டாடியதில்லை என்று அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் திரையில் ஒன்றுமே இல்லை. படங்கள் இல்லை, பொத்தான் இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு வெட்டவெளி. இப்படிச் செய்ததில் மிச்சமாகும் நேரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, “இப்ப மணி என்ன ஆச்சு?” என்பார். பேருந்துக்கெல்லாம் நேரம் குறிக்கும் மனிதரின் கணினியில் கடிகாரம் கிடையாது. கையில் கட்டுவதும் கிடையாது. பயணிகளுக்கான அறிவிப்புகளை இரண்டு மொழியில் எழுதுவது என் வேலை என்பதால் எனக்கு அவருக்கு அடுத்த மேசை. அவருடைய கடிகாரம் நான்தான்.

தன் திரையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு இடைவேளையில் பிறர் மேசைகளுக்கும் வைத்தியம் பார்க்கப் போய்விடுவார். பயணச்சீட்டுப் பிரிவுக்காரர் ஒருநாள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கணினி செத்துவிட்டது என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினார். “செத்துடல சார், இப்பத்தான் மூச்சு விடுது” என்று சொல்லிக்கொண்டு இவர் நடையைக் கட்டினார்.

போன மாதம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அவர் இல்லாத நாட்களில் பார்த்துக்கொள்ளப் புகார்ப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பயணிகளின் வசவைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பதமான மனுஷி. அறையில் எல்லோருக்கும் அவர் ‘புகாரக்கா’. அட்டவணை ஒரு மாதத்துக்குத் தயாராக இருந்ததால் சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் அட்டவணைக்காரர் படுக்கப் போயிருந்தார். அவர் படுத்த மறுநாளே ஆற்றுப்பாலத்தில் விரிசல் கண்டுவிட்டது. விடிந்தால் பாலம் மூடல். அதன் வழியாகப் போகும் தடங்களையெல்லாம் மாலைக்குள் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் ஓட்டுநர்களுக்குப் பழைய வழித்தாளே போகும். நிறுத்தங்களில் பழைய நேரமே ஒளிரும். வராத பேருந்துக்கு ஊர் காத்து நிற்கும். அட்டவணை நிரல் இருப்பதோ அந்த ஒரே கணினியில்.

புகாரக்கா திரையைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இது ஆன் ஆகலையே?”

“ஆகியிருக்குக்கா. அவர் திரை அப்படித்தான்.”

கணினிப் பிரிவுத் தம்பியைக் கூப்பிட்டோம். மவுஸை நாலு மூலைக்கும் ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. “இவர் பூட்டே இல்லாம பூட்டி வச்சிருக்காரு. அவரையே கேளுங்க” என்று கழன்றுகொண்டார். கைப்பேசியை மேசைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மருத்துவமனைக்கு அழைத்தேன்.

“இடது பக்கம், மேல் மூலைக்குப் போங்கம்மா” என்றார் அட்டவணைக்காரர். மயக்க மருந்தின் மிச்சம் குரலில் இருந்தது, பெருமையும் இருந்தது.

“போயிட்டேண்ணா.”

“இப்ப அப்படியே நில்லுங்க.”

“நிக்கிறேன்… வந்துச்சு, வந்துச்சு… ஐயோ, போயிடுச்சுண்ணா!”

“நீங்க ஆடிட்டீங்க.”

“நான் எங்க ஆடினேன்? மவுஸ்தான் ஆடுது.”

“பதட்டப்படக் கூடாதும்மா. அதுக்கு நிதானம் வேணும்.”

“விடிஞ்சா ஊரே ரோட்டுல நிக்கும். அங்க வந்து இந்த நிதானத்தச் சொல்லுங்க.”

இப்படியே எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியும். என் திரையின் மூலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை வந்தது, போனது, வந்தது, போனது. நான் பிடித்துப் பார்த்தேன். என் கை புகாரக்காவின் கையைவிட மோசம். சாயங்கால வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. மறுமுனையில் அவருடைய மனைவியின் குரல்: “உங்களுக்கு வெட்டினது முட்டியிலயா, மூளையிலயா? பழையபடி ஆக்குற பட்டன் ஒண்ணு இருக்கும்ல, அதச் சொல்லிக் குடுத்துட்டுப் படுங்களேன்.”

“இருக்கு. அத அமுக்கினா மொத்தமும் போயிடும். இத்தன வருஷமா நான் செஞ்சது எல்லாம் போயிடும்.”

“போனா?”

அப்போது வேறொரு பெண்குரல் உள்ளே வந்தது. ஊசி போட வந்த செவிலி. “சார், எந்தப் பாலம்? ஆத்துப் பாலமா? காலையில எனக்கு மாத்தாள் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வரணும். அவ வந்தாத்தான் நான் வீட்டுக்குப் போய் என் பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்ப முடியும். பஸ் வருமா, வராதா?”

இணைப்பு போய்விட்டதோ என்று கைப்பேசியைத் தொடப் போனேன்.

“வரும்” என்றார் அட்டவணைக்காரர். பிறகு, அடகுக் கடையில் மோதிரத்தைக் கழற்றுபவர்போல, ஒவ்வொன்றாக மூன்று விசைகளின் பெயரைச் சொன்னார். “மூணையும் சேத்து அமுக்குங்க. நிச்சயமான்னு கேக்கும். ஆமான்னு சொல்லுங்க. என்கிட்ட மறுபடியும் கேக்காதீங்க.”

புகாரக்கா அமுக்கினார். திரை ஒருமுறை இமைத்தது. அடியில் பட்டை, கோடிக்குக் கோடி, சகல சம்பத்துகளோடும் எழுந்து உட்கார்ந்தது.

“அப்பாடா! எல்லாம் தெரியுதுண்ணா! மணி தெரியுது, தேதி தெரியுது, மழை வருமான்னுகூடப் போட்டிருக்கான்!”

“வச்சிடறேன்” என்றார் அவர்.

இருட்டுவதற்குள் தடங்கள் திரும்பின. அறிவிப்பை இரண்டு மொழியிலும் நான் எழுதினேன். மறுநாள் பேருந்துகள் சுற்று வழியில் போயின. தாமதமாகப் போனதற்கு வழக்கம்போல் வசவும் வந்தது. அதைக் கேட்கப் புகார்ப் பிரிவில் புகாரக்கா இல்லாததுதான் குறை.

நேற்று அட்டவணைக்காரர் ஊன்றுகோலோடு வந்தார். மருத்துவர் அரை நாளைக்குத்தான் அனுமதித்திருக்கிறாராம். பாலம் இன்னும் திறக்கவில்லை என்பதால் மதியத்துக்குமேல் புகாரக்கா உட்கார வேண்டும். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் பிடித்தவன்போல் பட்டை அசையாமல் இருந்தது. புகாரக்கா கொஞ்சம் தள்ளி நின்று கைகளைப் பிசைந்தார்.

“அண்ணா, நீங்க உங்க இஷ்டத்துக்கு மாத்திக்குங்க. நான் எப்படியாவது பழகிக்கிறேன்.”

“மத்தியானம் நீங்கதானே உக்காருவீங்க?”

“ஆமா.”

“அப்புறம் என்ன?”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சுருங்கிய முகத்தோடு இரண்டு வரி தட்டினார், நிறுத்தினார். பிறகு இடக் கையை நீட்டி, மணி இருந்த மூலையோடு சேர்த்துத் திரையின் அடிப்பகுதியை எட்டிய மட்டும் முழங்கையாலும் உள்ளங்கையாலும் மூடிக்கொண்டு, வலக் கையின் ஒற்றை விரலால் அட்டவணையைத் தட்டத் தொடங்கினார்.